மீட்டர் ஓடிய வீடு: தொலைபேசிக் கட்டண விதிகளும் சிங்கப்பூர்க் குடும்பங்களின் இணைய இணைப்பும்

1998இல் ஈசூனில் இருந்த எங்கள் நான்கறை வீட்டில் கணினிக்குப் பக்கத்தில் ஓர் அலாரக் கடிகாரம் இருந்தது. பச்சை நிறம், தலையில் இரண்டு மணி, தெக்காவில் வாங்கியது. மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்ததும் அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அரை மணி நேரம் தள்ளி அடிக்கும்படி முள்ளைத் திருகி வைப்பார். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். பக்கம் பாதிதான் திறந்திருந்தாலும், அண்ணனின் பாடக் குறிப்பு முக்கால்வாசி இறங்கியிருந்தாலும் பேச்சில்லை. இணையத்தின்மீது அம்மாவுக்கு எந்தக் கோபமும் கிடையாது. இணையம் ஓடும்போது தொலைபேசி மீட்டரும் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த ஆய்வில் நான் பார்ப்பது இரண்டு வீடுகளை. ஒன்று எங்களுடையது, 1998 முதல் 2014 வரை. மற்றொன்று பூன் லேயில் ஓர் ஓரறை வாடகை வீடு, 2020 முதல். இரண்டுக்கும் நடுவே சிங்கப்பூரின் தொலைத்தொடர்புக் கட்டண விதிகள் பலமுறை மாறின. அந்த விதிகளில் எது ஒரு குடும்பத்தை அகன்ற அலைவரிசைக்கு, அதாவது வேகமான பிராட்பேண்ட் இணையத்துக்கு, கொண்டுவந்தது, எது வாசலிலேயே நிறுத்திவைத்தது என்பதுதான் என் கேள்வி. பல ஆண்டுகளாகத் துணைப்பாட வகுப்புத் தொண்டூழியராகப் பல வீடுகளுக்குப் போய் வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. விலை எவ்வளவு என்பதைப் பார்த்து மட்டும் ஒரு குடும்பம் முடிவெடுப்பதில்லை. அந்த விலை எந்த வடிவத்தில் வருகிறது என்பதையும் பார்க்கிறது. நிமிடக் கணக்கா, மாதக் கணக்கா, இரண்டாண்டு ஒப்பந்தமா, முன்கூட்டியே காசு போட்டுத் தீர்ந்ததும் நின்றுவிடுவதா? கொள்கை வகுப்பவர்கள் முதல் கேள்வியில் காட்டிய அக்கறையை இரண்டாவது கேள்வியில் காட்டவில்லை.

நிமிடக் கணக்கின் காலம்

1990களின் தொடக்கம்வரை சிங்கப்பூரில் வீட்டுத் தொலைபேசிக்கு வாடகை கட்டினால் போதும். உள்ளூர் அழைப்பு எத்தனை நேரம் நீண்டாலும் தனிக் கட்டணம் இல்லை. பிறகுதான் நேரக் கணக்கு வந்தது. பகலில் ஒரு விலை, இரவில் அதைவிடக் குறைவு. 1992இல் நிறுவனமாக மாற்றப்பட்டு 1993இல் பங்குச் சந்தைக்கு வந்த சிங்கப்பூர் டெலிகாமுக்கு (சிங்டெல்) அடிப்படைத் தொலைபேசிச் சேவையில் போட்டியே இல்லை. 2007வரை தனியுரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. கட்டணங்களை மேற்பார்வையிட்டது சிங்கப்பூர்த் தொலைத்தொடர்பு ஆணையம்.

நேரக் கணக்கு வந்தபோது இணையம் வீடுகளுக்கு வரவில்லை. அந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது பேச்சு. மணிக்கணக்காகப் பேசுபவர் அதற்கேற்பக் கட்டட்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 1994இல் சிங்நெட் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கத் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பசிபிக் இன்டர்நெட்டும் சைபர்வேயும் வந்தன. பேச்சுக்காக எழுதப்பட்ட விதி கணினிமீதும் விழுந்தது. இணையச் சேவை நிறுவனத்துக்கு ஒரு பில், தொலைபேசிக்கு ஒரு பில் என்று வீட்டுக்கு இரண்டு பில்கள் வந்தன. முதல் பில் எவ்வளவு வரும் என்பது முன்பே தெரியும். இரண்டாவது பில்லைப் பிரிக்கும்போது அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரே லைன். இணையத்தில் ஒருவர் இருந்தால் தஞ்சாவூரிலிருந்து பெரியம்மா அழைக்கும் அழைப்பு உள்ளே வராது. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து ஓர் அழைப்பு வருவது சாதாரணக் காரியம் இல்லை. பெரியம்மா தொலைபேசிக் கூண்டுக்கு நடந்து போய், வரிசையில் நின்று, எண்ணைச் சுழற்றுவார். "லைன் கிடைக்கவே இல்லையே" என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருப்பார். அம்மாவின் அலாரக் கடிகாரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஆண்டுகளில்தான் தமிழும் இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்துக் குறியீட்டுக்காக 1997இல் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது இந்த ஊரில்தான். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அந்தப் பணியில் முன்னின்றவர், 1999இல் காலமானார். தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் அதன் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இறக்கத்துக்கே பல நிமிடங்கள் பிடிக்கும், அத்தனை நிமிடங்களும் மீட்டரில் ஏறும். அப்பா தமிழ்ப் பக்கத்தைத் திறந்ததும் தாளில் அச்சடித்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார். பிறகு வரவேற்பறையில் உட்கார்ந்து நிதானமாக வாசிப்பார்.

மீட்டர் இரண்டு பக்கமும் வெட்டும்

நேரக் கட்டணம் இணையப் பயன்பாட்டைக் குறைக்கும் என்பது எல்லாருக்கும் தோன்றும். எங்கள் வீட்டிலும் குறைத்தது. ஆனால் அகன்ற அலைவரிசை என்று வரும்போது அதே மீட்டர் எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது.

அமெரிக்காவில் உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் நேரக் கணக்கு இல்லை. 1996 இறுதியில் ஏஓஎல் நிறுவனம் மாதம் 19.95 டாலருக்கு வரம்பில்லாத இணையம் என்று அறிவித்தது. அங்கே ஒரு குடும்பம் இரவு முழுக்கத் தொலைபேசிவழி இணையத்தில் கிடந்தாலும் பில் ஏறாது. மெதுவான இணைப்பு மலிவாகவும் பயமில்லாததாகவும் இருந்தால் வேகமான இணைப்புக்கு மாற என்ன அவசரம்? சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்கே மெதுவான இணைப்புக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. ஆக, குறைவாகப் பயன்படுத்தும் வீட்டை மீட்டர் இணையத்திலிருந்தே தள்ளி வைத்தது. அதிகமாகப் பயன்படுத்தும் வீட்டை அகன்ற அலைவரிசையை நோக்கித் தள்ளியது.

எங்கள் வீடு இரண்டாவது வகைக்குள் வந்தது 2001இல். அண்ணன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்தான். அலாரக் கடிகாரம் அவனிடம் எடுபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தினத்தாள் நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு காசு என்று தோராயமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு இரண்டு மணி நேரம், 120 காசு. மாதத்துக்கு 36 வெள்ளி. அதற்கு மேல் இணையச் சேவைச் சந்தா. கீழே இரண்டு கோடுகள் போட்டு, "கேபிள்: எவ்வளவு நேரமானாலும் ஒரே தொகை" என்று எழுதி, "ஒரே தொகை" என்பதைச் சுற்றி வட்டமிட்டிருக்கிறார். மறுவாரம் விண்ணப்பம் போட்டார்.

அந்த வட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை.

கேபிள் வழி இணைப்பு சாத்தியமானதற்கும் கொள்கைதான் காரணம். நாடு முழுவதற்கும் அகன்ற அலைவரிசையைக் கொண்டுவர 1996இல் அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர் ஒன் திட்டம் 1998இல் நடைமுறைக்கு வந்தது. தொலைபேசிச் செம்புக் கம்பியில் சிங்டெல் அகன்ற அலைவரிசையை வழங்கியது. சிங்கப்பூர்க் கேபிள் விஷன் தீவு முழுவதும் தொலைக்காட்சிக் கேபிள் இழுத்து முடித்து, 1999 இறுதியில் அதே கேபிளில் இணையமும் கொடுக்கத் தொடங்கியது. ஒரு வீட்டுக்குள் இரண்டு வெவ்வேறு கம்பிகள் போவது எல்லா நாட்டுக்கும் வாய்த்ததில்லை. எங்களுக்கு அது பெரிய கொடுப்பினை.

போட்டி முதலில் வந்தது ஊருக்கு அழைக்கும் தொலைபேசியில்

சிங்டெல்லின் தனியுரிமையை முன்கூட்டியே முடித்துக்கொள்ள அரசாங்கம் 1996இல் முடிவு செய்தது. அதற்கு இழப்பீடாக 150 கோடி வெள்ளி தரப்பட்டது. 1998இல் ஸ்டார்ஹப் என்ற போட்டி நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. 2000 ஏப்ரல் 1 அன்று சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1999 டிசம்பரில், தொலைத்தொடர்பு ஆணையமும் தேசியக் கணினி வாரியமும் இணைந்து ஐடிஏ என்ற தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம் உருவாகியிருந்தது.

சிராங்கூன் சாலையில் இதன் விளைவை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கலாம். ஊருக்கு 001 போட்டு அழைப்பதா, 013ஆ, 019ஆ, 008ஆ, 018ஆ என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. எந்தச் சேவை வழியாக அழைப்பு போகும் என்பதைக் காட்ட எண்ணுக்கு முன்னால் வரும் அந்த மூன்று இலக்கங்களை அம்மா ஒரு காகிதத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேல் ஒட்டியிருந்தார். அழைப்பு அட்டைகள் கடைக்குக் கடை தொங்கின. ஊருக்குப் பேசும் செலவு சரிந்தது.

இதற்கும் அகன்ற அலைவரிசைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பல நாடுகளில் தொலைபேசி நிறுவனங்கள் வெளிநாட்டு அழைப்பில் நிறைய சம்பாதித்தன. அந்த லாபம் இருக்கும்வரை உள்ளூர் லைனைக் குறைந்த விலையில் வைத்திருக்க முடிந்தது. வெளிநாட்டு அழைப்பில் போட்டி வந்ததும் அந்தத் தலையணை உருவப்பட்டது. வருமானத்துக்கு வேறு வழி தேட வேண்டிய கட்டாயம், அகன்ற அலைவரிசை மாதச் சந்தாவின்மீது நிறுவனங்களுக்கு நாட்டத்தை உண்டாக்கியது.

ஆனால் உள்ளூர்க் கம்பியில் போட்டி அத்தனை எளிதில் வரவில்லை. 2000 செப்டம்பரில் நடப்புக்கு வந்த தொலைத்தொடர்புப் போட்டி விதித்தொகுப்பு, ஆதிக்க நிறுவனம் தன் கம்பியை மற்றவர்களுக்கு வாடகைக்குத் தர வேண்டும் என்றது. காகிதத்தில் நல்ல விதி. இன்னொருவரின் தொலைபேசி நிலையத்துக்குள் தன் கருவியை வைத்து, அவருடைய கம்பியில் தன் வாடிக்கையாளருக்குச் சேவை தந்து, அவரோடே விலையில் போட்டி போட எத்தனை பேர் முன்வருவார்கள்? அதிகம் பேர் வரவில்லை. 2002இல் கேபிள் நிறுவனம் ஸ்டார்ஹப்போடு இணைந்தது. வீடுகளுக்கு இருந்தது இரண்டு வாசல்கள்தான். செம்புக் கம்பியில் இணையம் வேண்டுமென்றால் தொலைபேசி லைன் வாடகையும் கூடவே வந்தது.

மீட்டர் இல்லாத இழை

இங்கேதான் சிங்கப்பூர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐடிஏ மூன்று அடுக்குகளைப் பிரித்தது. கண்ணாடியிழையைப் பதித்துப் பராமரிப்பவர் ஒருவர். அதில் கருவிகளை இயக்கி அலைவரிசையை மொத்தமாக விற்பவர் இன்னொருவர். குடும்பங்களுக்குச் சேவை விற்பவர்கள் மூன்றாம் அடுக்கு, அங்கே எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். 2008 செப்டம்பரில் முதல் அடுக்குக்கு ஓப்பன்நெட் கூட்டமைப்பு தேர்வானது. அரசாங்கம் 75 கோடி வெள்ளிவரை மானியம் ஒதுக்கியது. இரண்டாம் அடுக்கு 2009இல் நியூக்ளியஸ் கனெக்டுக்குப் போனது, அதற்கு 25 கோடிவரை. 2010 செப்டம்பரில் சேவை தொடங்கியது.

ஒரு வீட்டு இணைப்புக்கு மற்ற நிறுவனங்களிடம் ஓப்பன்நெட் வாங்கக்கூடிய மொத்த விலை (மொத்த விற்பனை விலை) மாதம் 15 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக்கும் அதே விலை, தரைவீட்டுக்கும் அதே விலை. எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம், எவ்வளவு தரவு என்ற கேள்வியே அந்த விலையில் கிடையாது. இழைக்கு மீட்டர் இல்லை. என் அப்பா நாள்காட்டித் தாளில் வட்டமிட்ட "ஒரே தொகை" இப்போது மொத்த விலையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

தனக்கென்று ஒரு கம்பிகூட இல்லாத நிறுவனம் சந்தைக்கு வரலாம் என்பது இதன் பலன். 2014 ஜனவரியில் மைரிபப்ளிக் விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை மாதம் 49.99 வெள்ளிக்கு அறிவித்தது. அதற்கு முன்பு அந்த வேகத்துக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்டார்கள். மற்றவர்களும் விலையை இறக்கினார்கள். கேபிள் வழி இணையம் 2019இல் நிறுத்தப்பட்டது.

எங்கள் வீட்டுக்குக் கண்ணாடியிழை வந்தது 2011இல். தொழில்நுட்பர் வாசற்கதவுக்கு மேலே வெள்ளைக் குழாயைச் சுவர் ஓரமாக ஒட்டிக்கொண்டே வந்து, தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். சுவரில் பெருக்கல் குறி மாதிரி பென்சில் கோடு ஒன்று இன்னும் இருக்கிறது. இலவசம் என்பதால் அப்பா கையெழுத்துப் போட்டார். ஆனால் பழைய இணைப்பின் இரண்டாண்டு ஒப்பந்தம் அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. இடையில் முறித்தால் அபராதம். அது முடியும் நேரத்தில் இன்னொரு சலுகையைச் சொல்லி விற்பனையாளர் மறுபடி நீட்டித்துவிட்டார். 2014வரை அந்தப் பெட்டிக்கு மேல் அம்மா பிள்ளையார் படம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். ஆணையம் நிர்ணயித்த 15 வெள்ளி விலை எங்கள் வீட்டுச் சுவர்வரை வந்துவிட்டது. சுவரிலிருந்து கணினிக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. ஒப்பந்த வடிவமும் ஒரு கட்டண விதிதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஓப்பன்நெட் பின்னர் நெட்லிங்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. மொத்த விலை 2018இல் 13.80 வெள்ளியானது, 2024 ஏப்ரலில் 13.50 ஆனது. முப்பது காசு குறைந்ததால் இணையத்துக்கு வந்த குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை.

பூன் லே, 2020

2017/18 குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்களில் ஏறக்குறைய 87 விழுக்காட்டினருக்கு இணைய வசதி இருந்தது. ஓரறை, ஈரறை வீடுகளில் அது பாதியைக்கூடத் தொடவில்லை. அந்த வீடுகளின் வாசல்வரைக்கும் இழை போயிருந்தது. மொத்த விலை எல்லாருக்கும் ஒன்றுதான். பிறகு ஏன்?

2020 ஏப்ரல் 8 அன்று பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. என் துணைப்பாட வகுப்பில் இருந்த அண்ணன் தங்கை இருவர் இணைய வகுப்புக்கு மாறி மாறித்தான் வந்தார்கள். ஒருநாள் அவன், மறுநாள் அவள். அவர்கள் அம்மாவின் கைபேசி ஒன்றுதான், அதில் முன்கட்டண அட்டை. அம்மா துப்புரவு வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்தால் வகுப்பு பாதியில் நின்றுவிடும்.

அவரிடம் தொலைபேசியில் பேசினேன். மாதச் சந்தாவில் கண்ணாடியிழை இணைப்பு எடுத்தால் அட்டைக்குச் செலவழிப்பதைவிட அதிகம் ஆகாது என்று கணக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணா, அட்டையில் காசு தீர்ந்தால் இணையம் நின்றுவிடும். அதோடு சரி. மாதச் சந்தா என்றால் நான் வேலை இல்லாமல் இருந்தாலும் பில் வரும். ஒருமுறை வந்து பட்டுவிட்டேன்." சில ஆண்டுகளுக்கு முன்பு கைபேசி ஒப்பந்தம் ஒன்றில் நிலுவை விழுந்து, அபராதம் சேர்ந்து, வசூல் நிறுவனத்திலிருந்து கடிதம்வரை வந்திருக்கிறது. அந்த நிலுவை இருக்கும்வரை புது இணைப்புக்கு முன்பணம் கேட்பார்கள்.

நான் வாயடைத்துப் போனேன். எங்கள் அம்மா பயந்தது ஓடும் மீட்டருக்கு. இந்த அம்மாவுக்கு மீட்டர்தான் பாதுகாப்பு. சம்பளம் மாதாமாதம் ஒரே மாதிரி வரும் வீட்டுக்கு நிலையான பில் நிம்மதி. நாள் சம்பளத்தில், வேலை இருந்தும் இல்லாமலும் ஓடும் வீட்டுக்கு நிலையான பில் என்பது வரப்போகும் கடன். தீர்ந்தால் நின்றுவிடும் அட்டை கடனாக மாறாது. அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தப்பு, அந்த வாழ்க்கைக்குப் பொருந்தும் வடிவத்தில் ஒரு வீட்டு இணைப்பைச் சந்தை விற்காததில் இருந்தது.

மொத்த விலையைக் கட்டுப்படுத்தும் விதியால் இதைச் சரிசெய்ய முடியாது. 15 வெள்ளியை 10 வெள்ளி ஆக்கினாலும் அவர் அஞ்சியது அப்படியே இருக்கும். தேவைப்பட்டது வேறு: இடையில் நிறுத்தினாலும் அபராதம் இல்லாத இணைப்பு, பழைய நிலுவையைக் காட்டி மறுக்காத விற்பனை, வேலை இல்லாத மாதத்தில் முடக்கிவைத்துப் பிறகு தொடரும் வசதி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2014 முதலே ஹோம் ஆக்சஸ் என்ற மானியத் திட்டம் இருந்தது. ஆனால் அவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. கொவிட்-19 காலத்தில் பள்ளிகள் ஆயிரக்கணக்கான கணினிகளையும் இணையக் கருவிகளையும் இரவல் கொடுத்தன, அந்த வீட்டுக்கும் ஒரு மடிக்கணினி வந்தது. 2023 ஏப்ரலில் பழைய திட்டங்களுக்குப் பதிலாக, மானிய விலையில் இணைப்பையும் கணினியையும் சேர்த்துத் தரும் புதிய திட்டத்தை ஐடிஏவின் வழிவந்த ஐஎம்டிஏ ஆணையம் தொடங்கியது. இப்போது நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ எல்லாரிடமும் இணையம் இருக்கிறது. அந்தக் கடைசிப் பங்கைக் கொண்டுவந்தது மொத்த விலை விதி அல்ல, நேரடி மானியமும் வீடு வீடாகப் போனவர்களின் உழைப்பும்தான். அடுத்த விதியை எழுதுபவர்கள் சில்லறை ஒப்பந்தத்தின் வடிவத்தை மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் மன்றாடுவது அதனால்தான்.

பூன் லே வீட்டுக்கு மானியத் திட்டத்தில் இணைப்புக் கிடைத்தது. விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நான்தான் நிரப்பினேன். "நடுவில் நிறுத்தினால் கடன் ஆகாதே, அண்ணா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் விதிகளைப் படித்துக் காட்டினேன். திசைவிப் பெட்டி (ரவுட்டர்) குளிர்பதனப் பெட்டிக்கு மேல், கறிவேப்பிலைச் செடி இருக்கும் தகர டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகன் இப்போது தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறான், மகள் உயர்நிலை மூன்று. இரவு பத்து மணிக்கு அவர் எழுந்து போய் அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுகிறார். எவ்வளவு நேரம் ஓடினாலும் பில் ஏறாது என்று சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார். மறுநாள் இரவும் அணைக்கிறார்.